எல்லாருக்கும் ஒரே வருத்தம் இல்லை

வன்னியில் யாரிடமாவது மனநோயைப் பற்றிக் கதையெடுத்தால் ஒரு பதில் தயாராக இருக்கும்: "சண்டைக்குள்ள இருந்து வந்த சனம்தானே, எல்லாருக்கும் பாதிப்பு இருக்கத்தான் செய்யும்." கூட்டங்களுக்கு வரும் அதிகாரிகள் சொல்வார்கள், லீவுக்கு வரும் வெளிநாட்டு உறவுகள் சொல்வார்கள், சில வேளை வருத்தக்காரரே சொல்வார். 2009 மே வரை இங்கே நடந்ததை அறிந்த எவரும் இதை மறுக்க மாட்டார்கள். ஆனாலும் எனக்கு இந்த வசனத்தின் மேல் கோபம். எல்லாருக்கும் பாதிப்பு என்று சொல்லி முடித்த கையோடு, இன்னாருக்கு இன்ன வருத்தம், அதற்கு இன்ன வைத்தியம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடுகிறது.

கணக்கும் அந்த வசனத்தோடு ஒத்துவரவில்லை. போர் நடந்த நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அதன்படி அப்படிப்பட்ட இடங்களில் 22 சதவீதமானோருக்கு ஏதோவொரு மனநோய் இருக்கிறது. உலகம் முழுவதும் எடுத்தால் எட்டுப் பேரில் ஒருவர், இங்கே ஐந்து பேரில் ஒருவர். கூடத்தான். ஆனால் ஐந்தில் ஐந்து இல்லை. மற்ற நான்கு பேருக்கும் துக்கம் இருக்கும், கெட்ட கனவு வரும், ஆனால் அவர்களுக்கு நோய் இல்லை. அந்த ஒருவரைக் கூட்டத்துக்குள் தொலைக்காமல் கண்டுபிடிப்பதுதான் வேலை.

நான் வைத்தியர் இல்லை. கிராமத்து வைத்தியசாலை ஒன்றில் மருந்து கொடுக்கும் யன்னலுக்கு உள்பக்கம் நிற்பவன். யார் எந்தக் குளிசையை எவ்வளவு காலமாக எடுக்கிறார், யார் இடையில் விட்டுவிட்டார் என்பதெல்லாம் கண்ணில் படும் இடம் அது. வைத்தியரின் அறைக்கும் எனக்கும் இடையில் அரைச் சுவர்தான் என்பதால் காதிலும் விழும். (அந்தரங்கம் என்று ஒன்று எங்கள் வைத்தியசாலையில் கிடையாது, அது வேறு கதை.) கீழே வருகிறவர்களின் ஊர், வயது, தொழில் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

"மனம் சரியில்லை" என்று சொல்லி எங்களிடம் வருபவர் மிகக் குறைவு. தலையிடி, நெஞ்சு படபடப்பு, கை கால் விறைப்பு, உடம்பெல்லாம் உளைவு, வயிற்றெரிவு, நித்திரை இல்லை. இதெல்லாம் நடிப்பு இல்லை, உண்மையான நோவு. மனச்சோர்வும் பதகளிப்பும் உடம்பு வழியாகத்தான் முதலில் வெளியே வருகின்றன. நாங்களும் பனடோல், வயிற்றெரிவுக் குளிசை, விற்றமின் என்று கொடுத்து அனுப்புகிறோம். அடுத்த மாதம் அதே ஆள், அதே முறைப்பாடு.

விசுவமடுப் பக்கம் ஒரு அம்மா இப்படித்தான் உடம்பு உளைவு என்று வந்துகொண்டிருந்தார். புதிதாக மாற்றலாகி வந்த வைத்தியர், இளம் பிள்ளை, மருந்து எழுதுவதற்கு முதல் கதை கொடுத்தார்.

"அம்மா, வீட்டில என்ன பயிர் வச்சிருக்கிறீங்கள்?"

"மிளகாய் வச்சனான் பிள்ளை. தண்ணி விடேல்லை. கருகிப் போச்சு."

"ஏன், மோட்டர் பழுதோ?"

"மோட்டர் நல்லாத்தான் கிடக்கு. எழும்பிப் போகவேணும் எண்டு தோணேல்லை."

அதற்குப் பிறகு அவர் கேட்டவை எல்லாம் மனச்சோர்வுக்கான கேள்விகள். எதிலாவது விருப்பம் இருக்கிறதா? விடியப்புறம் மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறதா? சாப்பாடு இறங்குகிறதா? யாராவது சொன்னதைக் கவனித்துக் கேட்க முடிகிறதா? களைப்பு எப்படி? தன்னால் எல்லாருக்கும் கரைச்சல் என்ற எண்ணம் வருகிறதா? கடைசியில், குரலைத் தாழ்த்தாமல், சாதாரணமாக: "செத்தால் நல்லம் எண்டு யோசிக்கிறனீங்களோ?" அந்தக் கேள்வியைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஊட்டுவதில்லை, கேட்டால்தான் ஆள் வாய் திறப்பார். அந்த அம்மா அழவேயில்லை. மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டிருப்பது என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், அழுகை வற்றிப்போன மனச்சோர்வைத்தான் நான் கூடுதலாகக் காண்கிறேன்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம் கையேடு மனச்சோர்வுக்கு ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. அவற்றில் குறைந்தது ஐந்து, நாளின் பெரும்பகுதி, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும், இரண்டு கிழமையாவது இருக்க வேண்டும். மனம் சோர்ந்து கிடப்பது, எதிலும் விருப்பம் அற்றுப்போவது என்ற இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். மற்றக் கையேடு உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, சுருக்கமாக ஐசிடி. அதன் பத்தாம் பதிப்பில் மனநோய்கள் எல்லாம் எஃப் என்ற எழுத்துக்குக் கீழே வரும்: எஃப் 20 மனச்சிதைவு, எஃப் 32 மனச்சோர்வு, எஃப் 10 மதுவால் வருபவை. பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்தது.

இந்தக் கையேடுகளைப் பழிப்பது ஒரு நாகரிகமாகிவிட்டது. மனிதரைப் பெட்டிக்குள் அடைக்கிறார்கள் என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. என் இறாக்கையில் இருக்கும் குளிசை எல்லாவற்றையும் ஒரே போத்தலில் கொட்டிவைத்தால் என்ன நடக்குமோ அதுதான் நோய்களைப் பிரிக்காவிட்டாலும் நடக்கும். பிரிப்பது எப்படி என்பதில்தான் சிக்கல். சீனி வருத்தத்துக்கு இரத்தம் குத்திப் பார்க்கலாம், மனச்சோர்வுக்கு அப்படி ஒரு சோதனை இல்லை. ஆகவே என்ன செய்கிறது, எவ்வளவு காலமாக, அதனால் அன்றாட வாழ்க்கை எங்கே முடங்கியது என்ற மூன்றையும் வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். உடம்பில் வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். தைரொய்ட் குறைந்தால் மனச்சோர்வு போலவே இருக்கும், கூடினால் பதகளிப்பு போல இருக்கும். கையேடுகள் கல்லில் எழுதியவையும் இல்லை. ஒருபால் ஈர்ப்பை நோய் என்று வைத்திருந்த டிஎஸ்எம் 1973 இல் அதைத் தூக்கியது. ஐசிடி தூக்க 1990 ஆயிற்று.

சரி, போருக்கு வருவோம். எல்லாரும் முதலில் சொல்லும் பெயர் பிடிஎஸ்டி, எங்கள் பக்கத்துப் பாடப்புத்தகத் தமிழில் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய். வியட்நாம் போரில் இருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலைமை அமெரிக்காவில் பெரிய பேச்சான பிறகு 1980 இல்தான் டிஎஸ்எம்மில் அது இடம்பிடித்தது. ஐசிடியின் பதினோராம் பதிப்பு அதை மூன்று விடயங்களுக்குச் சுருக்கியிருக்கிறது: நடந்தது இப்போது நடப்பது போலவே திரும்ப வருவது, அதை ஞாபகப்படுத்தும் எதையும் தவிர்ப்பது, ஆபத்து இன்னும் பக்கத்தில் நிற்கிறது என்ற உணர்வு விடாமல் இருப்பது. பல கிழமைகளுக்கு நீடிக்க வேண்டும், வாழ்க்கையைக் குழப்ப வேண்டும்.

இதில் நடுவில் உள்ளதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. திருவிழாவில் வெடி கொளுத்தும்போது திடுக்கிட்டு நிலத்தில் படுப்பவரை எல்லாருக்கும் தெரியும். தவிர்ப்பவரைத் தெரியாது, ஏனென்றால் அவர் அங்கே வரவே மாட்டார். எனக்குத் தெரிந்த ஒருவர் புதுக்குடியிருப்பில் ஆட்டோ ஓடுகிறார். அங்கிருந்து முல்லைத்தீவு நகரத்துக்கு நேர்வழி முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் பாலம். அவர் தெற்கே ஒட்டுசுட்டானுக்கு இறங்கி, முள்ளியவளை வழியாகச் சுற்றித்தான் போவார். கேட்டால் அந்த றோட்டுக் கூடாது என்பார். றோட்டுப் போட்ட பிறகும் அதைத்தான் சொன்னார். அவசரக்காரர்கள் வேறு ஆட்டோ பிடித்தார்கள், உழைப்புக் குறைந்தது, மனைவியோடு சண்டை, பின்னேரங்களில் குடி. அவர் வைத்தியசாலைக்கு வந்தது குடிக்காகத்தான். உளநல கிளினிக்கில் ஒருவர் பொறுமையாக இருந்து "எந்த வழியால ஹயர் போறனீங்கள்?" என்று கேட்ட பிறகே விடயம் வெளியே வந்தது. இந்த நோய்க்கு மருந்தை விட முறையான பேச்சுச் சிகிச்சைதான் முதல் தெரிவு. தவிர்த்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக, துணையோடு எதிர்கொள்ளப் பழக்குவார்கள். அவசரப்பட்டு "எல்லாத்தையும் சொல்லி அழு" என்று வற்புறுத்துவது வைத்தியம் இல்லை.

ஆளுக்கு ஆள் தேடும் இந்த முறைக்கு வெளியே நிற்பதும் உண்டு. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அதைக் கூட்டு மனவடு என்று எழுதினார்: தனி ஆளை மட்டும் இல்லாமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துச் சிதைப்பது, ஒருவரை ஒருவர் நம்பாமை, பொறுப்பெடுக்க ஆளில்லாமை. இதற்குக் குளிசை கிடையாது. கோவில் கேணியைத் துப்புரவாக்கவும் விளையாட்டுக் கழகத்தைத் திரும்பத் தொடங்கவும் ஊர் ஒன்று கூடினால் அது வைத்தியத்தில் சேர்த்திதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் போரோடு ஒட்டாத வருத்தமும் வன்னியில் தாராளமாக இருக்கிறது. பதகளிப்பைப் பாருங்கள். திங்கட்கிழமை நுண்கடன்காரன் படலையில் வந்து நிற்பான் என்றால் ஞாயிறு இரவு நித்திரை வராதுதான். அது நோய் இல்லை, கடன். கடன், பிள்ளையின் இருமல், கிணற்றுத் தண்ணீர், நாளைக்கு பஸ் வருமா என்று ஒன்று மாறி ஒன்றாக மாதக்கணக்கில் மனம் அலைந்து, நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமல், கழுத்து இறுகி, சின்ன விடயத்துக்கும் எரிந்து விழுந்தால் அது பொதுப் பதகளிப்பு நோயாக இருக்கலாம். டிஎஸ்எம் ஆறு மாதம் என்று எல்லை வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதும் உண்டு. அப்போது குளிசையால் மட்டும் சரிவராது, கடனுக்கும் வழி பார்க்க வேண்டும்.

பீதித் தாக்கம் வேறு மாதிரி. திடீரென்று நெஞ்சு அடிக்கும், மூச்சு முட்டும், வேர்க்கும், கை விறைக்கும், செத்துவிடுவேன் என்று தோன்றும். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் மெல்ல இறங்கும். இளம் பெடியன்கள் மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுவரப்படுவார்கள். ஈசிஜி நன்றாக இருக்கும். "ஒண்டும் இல்லை, வீட்ட போ" என்று அனுப்பிவிடுவோம். இதயத்தில் ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் பொருள். பெடியனுக்கு வருத்தத்தின் பெயரையும், அது கொல்லாது என்பதையும் சொல்ல இரண்டு நிமிடம் செலவழித்தால் பாதி வைத்தியம் முடிந்துவிடும்.

ஓசிடி என்னும் எண்ணச் சுழல் நோய் என்றால் கை கழுவுவது மட்டும் என்று இருக்கக் கூடாது. கோவிலில் கும்பிடும்போது சாமியைப் பற்றி அசிங்கமான எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறதே, நான் பாவி என்று தனக்குள் வெந்துபோகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேண்டாத எண்ணம், அதை அழிக்க ஒரு சடங்கு, பிறகு திரும்ப எண்ணம். இது பாவத்தின் அடையாளம் இல்லை, நல்ல வைத்தியம் உள்ள நோய்.

கோவில் என்றதும் உருவைப் பற்றியும், அதாவது சாமி வந்து ஆடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், கடல்நீரில் விளக்கெரியும் அந்த இடத்தில் எத்தனை பேருக்கு உரு வரும் என்று. படித்த சிலர் இதை மனநோய் என்பார்கள். வகைப்பாடு அப்படிச் சொல்லவில்லை. ஐசிடியில் ஆட்கொள்ளல் நிலைக்கு ஒரு நோய்ப்பெயர் இருக்கிறது. ஆனால் சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக வருவதை அதில் சேர்க்கக் கூடாது என்று அங்கேயே எழுதியிருக்கிறது. ஆடி முடித்து, திருநீறு வாங்கி, தண்ணீர் குடித்து, அடுத்த நாள் வயலுக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு நோயும் இல்லை.

பத்தொன்பது வயதுப் பெடியன் மாதக்கணக்காக அறையை விட்டு வராமல், குளிக்காமல், தன்னைப் பற்றி இரண்டு பேர் கதைக்கும் குரல் கேட்கிறது, அயலட்டை சேர்ந்து தனக்கு நஞ்சு வைக்கிறது என்று சொன்னால் அது வேறு. மனச்சிதைவு பெரும்பாலும் பதின்மத்தின் கடைசியிலும் இருபதுகளிலும் தொடங்கும். உலகத்தில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு உண்டு, போர் பார்க்காத நாட்டிலும் உண்டு. எங்கள் ஊரில் இந்தப் பெடியனுக்கு முதலில் பார்வை பார்ப்பார்கள், பிறகு நூல் கட்டுவார்கள், பிறகு செய்வினை எடுக்கத் தூரத்தில் ஒருவரிடம் கொண்டுபோவார்கள். நூல் கட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன், தாய்க்கு ஒரு தெம்பு. ஆனால் வைத்தியம் எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவுக்குத் திரும்பி வருவது கடினம். நூலும் இருக்கட்டும், குளிசையும் இருக்கட்டும். இதோடு சேர்த்துக் குழப்பப்படும் இன்னொன்று இருமுனை நோய்: ஒரு கிழமையாக நித்திரையே இல்லாமல், களைப்பும் இல்லாமல், ஓயாத பேச்சு, கண்டபடி செலவு, நானே பெரிய ஆள் என்ற எண்ணம். பிறகு ஒரு காலம் அடியோடு சோர்வு. இந்த இரண்டையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மானியர் எமில் கிரேப்பெலின் பிரித்தார். நோயாளிகள் கால ஓட்டத்தில் என்ன ஆனார்கள் என்று பின்தொடர்ந்து பார்த்ததுதான் அவருடைய கெட்டித்தனம்.

குடியைப் பற்றி ஒன்றே ஒன்று, உயிர் சம்பந்தப்பட்டது. நாளாந்தம் கசிப்புக் குடிப்பவர் ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரேயடியாக விடுவார். இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கும், வேர்க்கும், சுவரில் பூச்சி ஊருது என்பார், ஆளை மட்டுக்கட்ட மாட்டார். விரதத்தில் ஏதோ பிழை விட்டதால் சாமி பிடித்துவிட்டது என்று வீடு நினைக்கும். அது மதுவை நிறுத்தியதால் வரும் ஜன்னி. ஆளைக் கொல்லக் கூடியது. உடனே ஆஸ்பத்திரி. விட நினைப்பவர் முதலே வைத்தியரிடம் சொல்லிவிட்டு, மருந்தோடு விட வேண்டும்.

இவ்வளவு நேரமும் வகைப்பாட்டுக்கு வக்காலத்து வாங்கினேன். அது கையை விரிக்கும் இடமும் வன்னியில்தான் இருக்கிறது. ஐசிடி பதினோராம் பதிப்பில் நீடித்த துக்கம் என்று புதிதாக ஒன்று சேர்ந்தது. நெருங்கிய ஒருவர் இறந்து ஆறு மாதத்துக்கு மேலாகியும், அந்தச் சமூகத்தின் வழமையையும் மீறி, ஏக்கம் ஆளை முடக்கினால் அந்தப் பெயர். டிஎஸ்எம் 2022 இல் ஒரு வருடம் என்று வைத்தது. இரண்டுக்கும் முதல் நிபந்தனை ஒருவர் இறந்திருக்க வேண்டும்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரி 20 இல் போராட்டம் தொடங்கிய தாய்மாரை எந்தப் பக்கத்தில் எழுதுவது? பிள்ளை இறந்தான் என்று சொல்ல ஆதாரம் இல்லை. இருக்கிறான் என்பதற்கும் இல்லை. அந்தியேட்டி செய்ய முடியாது, திவசம் செய்ய முடியாது. கணவனைத் தேடும் பெண் பொட்டை வைப்பதா அழிப்பதா என்பதையே ஊர் தீர்மானிக்கப் பார்க்கிறது. மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாதவர்களுக்காக 2016 இல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்றைச் சட்டத்தில் கொண்டுவந்தார்கள். கடதாசிக்கு அது ஒரு வழி. பவுலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், போரில் காணாமற்போன சிப்பாய்களின் குடும்பங்களோடு பழகி, இந்த நிலையைத் தெளிவற்ற இழப்பு என்றார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது, கோளாறு அந்தக் குடும்பத்தின் மனதில் இல்லை, சூழ்நிலையில்தான் என்பது. முடிவு கட்டு, மறந்துவிடு என்று அந்தத் தாய்க்கு ஆலோசனை சொல்வது வைத்தியமும் இல்லை, நியாயமும் இல்லை. அதேநேரம் அவருக்கு மனச்சோர்வும் சேர்ந்து வந்திருந்தால், நித்திரையும் சாப்பாடும் போயிருந்தால், அதற்கு மருந்து உண்டு. மருந்து எடுத்தால் மகனைத் தேடுவதை விட்டுவிடுவேனோ என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இல்லை அம்மா, தேடுவதற்குத் தெம்பு வரும் என்றேன்.

இனி என் யன்னலுக்கு. மாதாந்தம் வரும் ஒரு அக்கா குளிசை உறையை வாங்கியவுடன் ஓரமாகப் போய், எங்கள் எழுத்துள்ள உறையைக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, குளிசைகளைத் தன் பிரஷர் குளிசைப் போத்தலுக்குள் கொட்டுவார். "விசர்க் குளிசை எடுக்கிறாள்" என்று மாமியார் வீட்டில் தெரியக் கூடாது. இரண்டும் வெள்ளை, கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒரு நாள் பிரஷர் ஏறி மயங்கி விழுந்தார், எதை எவ்வளவு எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. இப்போது இரண்டுக்கும் வேறு வேறு நிற மூடி போட்ட போத்தல் கொடுத்திருக்கிறேன், எழுத்தில்லாமல்.

யன்னலில் அடிக்கடி வரும் கேள்வி, "இது நித்திரைக் குளிசையோ, பழகிப் போகுமோ?" மனச்சோர்வுக்குக் கொடுக்கும் புளூஒக்செற்றின், சேர்ற்றலின் போன்றவை நித்திரைக் குளிசை இல்லை, அப்படிப் பழக்கமாவதும் இல்லை. டயசெபாம்தான் பழகும், அதனால்தான் அதைக் குறைந்த நாட்களுக்கு மட்டும் தருகிறோம். மனச்சோர்வுக் குளிசை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு கிழமையாவது செல்லும், ஆனால் வயிற்றுக் குமட்டல் முதல் நாளே வந்துவிடும். ஆகவே சனம் முதல் கிழமையிலேயே நிறுத்திவிடும். சுகமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். நிறுத்துவதென்றாலும் வைத்தியரைக் கேட்டு, மெல்ல மெல்லக் குறைத்துத்தான்.

பூச்சிமருந்து வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. 1995 அளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கடும் நச்சுள்ளவற்றை அரசு படிப்படியாகத் தடை செய்த பிறகு அது 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மனம் உடையும் அந்த ஒரு மணித்தியாலத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் பலர் பிழைக்கிறார்கள். மிஞ்சிய போத்தலை வீட்டுக்குள் வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள், திறப்பு வேறு ஆளிடம் இருக்கட்டும். இரவில் ஆள் இல்லாத நேரம் யாருடனாவது கதைக்க வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926 இருக்கிறது.

கிளினிக்குக்கு முதல் தடவை போகிறவர்கள், கூட இருக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது என்பதை அவர்தான் சரியாகச் சொல்வார். எடுக்கும் குளிசை எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். குடி உண்டென்றால் எவ்வளவு என்று உள்ளதைச் சொல்லுங்கள். கொப்பியில் அடுத்த திகதி எழுதித் தருவார்கள், குளிசை முடிவதற்கு இரண்டு நாள் முந்தியே வாருங்கள், ஏனென்றால் சில மருந்து எங்களிடம் முடிந்திருந்தால் மாவட்ட வைத்தியசாலையில் இருந்து எடுப்பிக்க ஒரு நாள் வேண்டும்.